எக்ஸ்ஆர்டிபி வந்துவிட்டது, திரை வரவில்லை

உள்நுழைவு வெற்றி, திரை எண் 10. இணைக்கத் தொடங்குகிறது. இணைப்பில் சிக்கல், கைவிடுகிறது. ஏதோ சிக்கல்.

லினக்ஸ் சர்வரில் எக்ஸ்ஆர்டிபி (அதன் திரையை வேறு கணினியிலிருந்து பார்க்க வைக்கும் நிரல்) போட்டு, விண்டோஸில் இருக்கும் ரிமோட் டெஸ்க்டாப் வழியாக உள்ளே போக முயன்ற பலரும் இந்தச் செய்திகளை ஆங்கிலத்தில் பார்த்திருப்பார்கள். பெயரும் கடவுச்சொல்லும் சரி என்று முதல் வரி சொல்கிறது. கடைசி வரியோ என்ன சிக்கல் என்றே சொல்லாமல் முடிந்துவிடுகிறது. இதைப் பார்த்ததும் பெரும்பாலானவர்கள் எக்ஸ்ஆர்டிபியை நீக்கிவிட்டு மறுபடி போடுகிறார்கள். அதுவும் ஆகவில்லை என்றால் இயங்குதளத்தையே அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்குகிறார்கள். மொபைல் டேட்டாவை ஹாட்ஸ்பாட்டில் போட்டு லினக்ஸ் கற்றுக்கொள்கிற பிள்ளைகள் சொந்தக் கணினியில் இப்படிச் செய்வதைப் பார்க்கும்போது எனக்கு மனது கேட்பதில்லை. பல நூறு எம்பி இறக்கிய பிறகும் அதே வரியில்தான் வந்து நிற்பார்கள். ஏனென்றால் எக்ஸ்ஆர்டிபி கெட்டுப்போகவில்லை, அதன் கூடவே வரவேண்டிய ஒரு துண்டு வரவில்லை. மறுபடி போட்டாலும் அந்தத் துண்டு வராது.

சமீபத்தில் அப்படி ஒரு தம்பி அழைத்தான். எக்ஸ்ஆர்டிபியை ஆப்ட் என்ற நிறுவும் கருவியால் போட்டிருந்தான்.

"அண்ணே, ஆப்ட் ஒரு எரர்கூடக் காட்டல. எல்லாம் செட்டப் ஆயிடுச்சுன்னுதான் வந்துச்சு. பாஸ்வேர்ட் போட்டா ரெண்டு செகண்ட்ல தூக்கிப் போட்டுடுது."

"எக்ஸ்ஆர்க்எக்ஸ்ஆர்டிபி இருக்கான்னு பாத்தியாப்பா?"

"அப்படி ஒண்ணு தனியா இருக்காண்ணே?"

இருக்கிறது. எக்ஸ்ஆர்டிபி என்ற பேக்கேஜ், வெளியிலிருந்து வருகிற இணைப்பை 3389-ஆம் போர்ட்டில் வாங்கிக்கொள்ளும். அதோடு வருகிற செஸ்மேன் என்ற துணைச் சேவை கடவுச்சொல்லைச் சரிபார்த்து, அந்தப் பயனருக்கென்று ஒரு திரையைத் தொடங்கச் சொல்லும். திரை எண்கள் 10-இலிருந்து தொடங்குவது செஸ்மேன் அமைப்புக் கோப்பில் அப்படி எழுதியிருப்பதால்தான். ஆனால் திரையை உண்மையில் வரைவது எக்ஸ்ஆர்க் சர்வர். மானிட்டரும் கிராபிக்ஸ் கார்டும் இல்லாத இடத்தில் அந்த எக்ஸ்ஆர்க்கை ஓடவைத்து, அது வரைவதை எக்ஸ்ஆர்டிபிக்குக் கொடுக்கிற டிரைவர்கள் எல்லாம் வேறொரு பேக்கேஜில் இருக்கின்றன. இரண்டு பெயரையும் இடைவெளி இல்லாமல் ஒட்டி எழுதியதுதான் அந்தப் பேக்கேஜின் பெயர்: எக்ஸ்ஆர்க்எக்ஸ்ஆர்டிபி. திரைக்கு ஒரு டிரைவர், விசைப்பலகைக்கு ஒன்று, மவுஸுக்கு ஒன்று, இவற்றுக்குப் பொதுவான ஒரு மாட்யூல், எக்ஸ்ஆர்க்குக்கான ஒரு தனி அமைப்புக் கோப்பு, இவ்வளவுதான் அதில் இருப்பவை. அளவில் சின்னது. ஆனால் அது இல்லையென்றால் பாஸ்வேர்ட் கேட்கிற பெட்டி வரைக்கும்தான் போக முடியும்.

அப்படியானால் ஆப்ட் ஏன் அதைத் தானாகக் கொண்டுவரவில்லை? இங்கேதான் விஷயம் இருக்கிறது.

டெபியன் என்ற லினக்ஸ் வகையில் பேக்கேஜ் ஒவ்வொன்றும் தனக்கு வேண்டியதைச் சில தரங்களாகப் பிரித்துச் சொல்கிறது. டிபெண்ட்ஸ் என்ற வரியில் இருப்பது இல்லாமல் அந்தப் பேக்கேஜை நிறுவவே முடியாது. ரெகமண்ட்ஸ் வரியில் இருப்பது வழக்கமாக எல்லோருக்கும் தேவைப்படுவது, ஆனால் கட்டாயம் இல்லை. சஜஸ்ட்ஸ் என்பது விருப்பம் இருந்தால் போட்டுக்கொள்ள. எக்ஸ்ஆர்டிபி பேக்கேஜ் எக்ஸ்ஆர்க்எக்ஸ்ஆர்டிபியை ரெகமண்ட்ஸில்தான் வைத்திருக்கிறது. அதற்கு நியாயமான காரணம் உண்டு. திரையை எக்ஸ்ஆர்க்தான் வரையவேண்டும் என்று கட்டாயமில்லை, விஎன்சி என்ற இன்னொரு ரிமோட் திரை முறையின் சர்வரை வைத்தும் எக்ஸ்ஆர்டிபி வேலை செய்யும். அப்படி வைத்திருப்பவரிடம் எக்ஸ்ஆர்க் முழுவதையும் இழுத்துவந்து போடுவது சரியாகாது. டெபியனில் அந்தப் பேக்கேஜைப் பராமரிப்பவர்கள் எடுத்த முடிவு சரி என்றே நான் நினைக்கிறேன்.

2009-இல் வெளியான டெபியன் 5.0 முதல் ஆப்ட், ரெகமண்ட்ஸில் உள்ளதையும் இயல்பாகவே சேர்த்துப் போடுகிறது. ஆகவே டெபியனை வழக்கமான முறையில் போட்டவருக்கு இந்தச் சிக்கல் வராது. யாருக்கு வருகிறது என்றால், நிறுவும் கட்டளையோடு நோ-இன்ஸ்டால்-ரெகமண்ட்ஸ் என்ற தேர்வையும் சேர்த்து அடித்தவருக்கு. இந்தத் தேர்வு டாக்கர் கண்டெய்னர் (ஒரு நிரலை அதற்கு வேண்டியவற்றோடு மட்டும் அடைத்த பொதி) கட்டுபவர்கள் மத்தியில் பரவியது. இமேஜின் அளவு குறையவேண்டும், ஒரே ஒரு நிரல்தான் ஓடவேண்டும் என்ற இடத்தில் அது நல்ல பழக்கம். அங்கிருந்து அப்படியே காப்பி எடுத்து, முழு டெஸ்க்டாப் ஓடவேண்டிய சர்வருக்கு எழுதும் ஸ்கிரிப்டில் ஒட்டிவிடுகிறார்கள். தம்பிக்கு நடந்தது வேறு. அவன் கட்டளையில் அந்தத் தேர்வு இல்லவே இல்லை. வாடகை சர்வர் கொடுத்தவர்கள் தங்கள் இமேஜிலேயே ரெகமண்ட்ஸ் வேண்டாம் என்று எழுதி வைத்திருந்தார்கள். ஆப்ட்-கான்ஃபிக் கட்டளைக்கு டம்ப் என்று கொடுத்தால் ஆப்டின் எல்லா அமைப்புகளும் வரிசையாக வரும். அதில் இன்ஸ்டால்-ரெகமண்ட்ஸ் என்ற வரியின் மதிப்பு ஃபால்ஸ் அல்லது பூஜ்யம் என்றிருந்தால் காரணம் கிடைத்துவிட்டது. வாங்கிய சர்வரில் முதல் வேலையாக இதைப் பார்த்துக்கொள்வது நல்லது.

அப்புறம், நான் ஒரு தொலைந்த துண்டைத் தேடும் முறையைச் சொல்கிறேன். இது எக்ஸ்ஆர்டிபிக்கு மட்டும் இல்லை.

முதலில் லாக், அதாவது நிரல் தான் செய்வதை எழுதிவைக்கும் பதிவுக் கோப்பு. எக்ஸ்ஆர்டிபியில் ஒன்றுக்கு மூன்று லாக்குகள் இருக்கின்றன, மூன்றும் மூன்று வெவ்வேறு கட்டங்களைச் சொல்கின்றன. சிஸ்டம் லாக் அடைவில் எக்ஸ்ஆர்டிபி பெயரில் இருப்பது இணைப்பு வந்ததா, குறியாக்கம் சரியாக அமைந்ததா என்பதைச் சொல்லும். அதன் பக்கத்திலேயே செஸ்மேன் பெயரில் இருப்பது கடவுச்சொல் கட்டத்தையும், திரையைத் தொடங்க எந்தக் கட்டளையை ஓட்டியது என்பதையும் சொல்லும். மூன்றாவதுதான் முக்கியம், அதைத்தான் யாரும் பார்ப்பதில்லை. அது பயனரின் சொந்த ஹோம் அடைவில், புள்ளியில் தொடங்கும் பெயரோடு மறைந்திருக்கும். எக்ஸ்ஆர்க்எக்ஸ்ஆர்டிபி என்ற பெயரும் 10 என்ற திரை எண்ணும் சேர்ந்த கோப்பு. எக்ஸ்ஆர்க் சர்வர் தன் குறையை அங்கேதான் எழுதிவைக்கிறது.

தம்பியின் செஸ்மேன் லாக்கில் 10-ஆம் திரைக்காகக் காத்திருந்து நேரம் முடிந்தது என்று இருந்தது. மறைந்திருந்த கோப்பைத் திறக்கச் சொன்னேன். எக்ஸ்ஆர்டிபி அடைவுக்குள் இருக்கவேண்டிய எக்ஸ்ஆர்க் அமைப்புக் கோப்பைத் திறக்க முடியவில்லை என்று தெளிவாகவே எழுதியிருந்தது. திரையில் "ஏதோ சிக்கல்" என்று மட்டும் சொன்ன அதே மென்பொருள், இங்கே கோப்பின் பெயரையே கொடுத்துவிட்டது.

கோப்பின் பெயர் கையில் கிடைத்துவிட்டால் பேக்கேஜ் மேனேஜரிடம் கேட்கவேண்டியது ஒரே கேள்விதான்: இந்தக் கோப்பை எந்தப் பேக்கேஜ் கொண்டுவரும்? கோப்பு ஏற்கெனவே கணினியில் இருந்தால் டிபிகேஜி கட்டளையோடு பெரிய எஸ் தேர்வைக் கொடுத்தால் சொந்தக்காரர் யார் என்று சொல்லும். இல்லாத கோப்புக்கு அது உதவாது. அதற்கு ஆப்ட்-ஃபைல் என்ற கருவி இருக்கிறது, தனியாகப் போட்டு ஒருமுறை அதன் பட்டியலைப் புதுப்பித்துக்கொள்ளவேண்டும். டெபியன் களஞ்சியத்தில் உள்ள எல்லாப் பேக்கேஜ்களின் கோப்புப் பட்டியலையும் அது தேடிக் கொடுக்கும், நிறுவாதவை உட்பட. ஃபெடோராவில் இதே வேலையை டிஎன்எஃப் ப்ரொவைட்ஸ் செய்கிறது, ஆர்ச்சில் பேக்மேனின் பெரிய எஃப் தேர்வு செய்கிறது. எந்தப் பக்கம் போனாலும் கேள்வி மாறுவதில்லை.

பேக்கேஜைப் போடுவதற்கு முன் அதே நிறுவல் கட்டளையை சின்ன எஸ் தேர்வோடு ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். எதையும் செய்யாமல், என்ன செய்யப்போகிறது என்பதை மட்டும் ஆப்ட் சொல்லும். இதை நான் வற்புறுத்துவதற்கு உபுண்டு 18.04-இல் நடந்தது ஒரு காரணம். புதிய வன்பொருளுக்காக ஹெச்டபிள்யூஇ என்ற தனி எக்ஸ்ஆர்க் வரிசையை உபுண்டு கொடுத்துக்கொண்டிருந்தது. அந்த வரிசையில் இருந்த கணினியில் சாதாரண எக்ஸ்ஆர்க்எக்ஸ்ஆர்டிபியைப் போட்டால், அது பழைய எக்ஸ்ஆர்க்கை இழுத்துக்கொண்டு வந்து, புதியதையும் அதனோடிருந்த இன்புட் டிரைவர்களையும் நீக்கிவிடும். ரிமோட் வேலை செய்யும், ஆனால் கணினியின் முன்னால் போய் உட்கார்ந்தால் விசைப்பலகையும் மவுஸும் அசையாது. அந்த வரிசைக்கென்றே ஹெச்டபிள்யூஇ-18.04 என்ற பின்னொட்டோடு தனி எக்ஸ்ஆர்க்எக்ஸ்ஆர்டிபி பேக்கேஜ் இருந்தது. நீக்கப்போகிறேன் என்று ஆப்ட் காட்டிய பட்டியலை நிதானமாகப் படித்தவர்கள் தப்பித்தார்கள். விசைப்பலகை செத்துப்போனவர்கள் எத்தனையோ பேர் இணையத்தில் உதவி கேட்டு எழுதினார்கள்.

துண்டு இருக்கிறது, ஆனால் பொருந்தவில்லை என்பதும் இதே குடும்பத்துச் சிக்கல்தான். எக்ஸ்ஆர்க்கின் மாட்யூல்களுக்கு ஏபிஐ எண் (சர்வரோடு பொருந்துகிறதா என்று காட்டும் எண்) ஒன்று உண்டு. எக்ஸ்ஆர்க்எக்ஸ்ஆர்டிபியைக் கையால் கம்பைல் செய்து போட்டுவிட்டு, பிறகு சிஸ்டத்தை மேம்படுத்தினால் எண் பொருந்தாமல் போகும். "மாட்யூல் இல்லை" என்பதும் "மாட்யூலின் ஏபிஐ எண் சர்வரோடு ஒத்துப்போகவில்லை" என்பதும் அதே மறைந்த லாக்கில் வெவ்வேறு வரிகளாகத் தெரியும். முதலாவதற்குப் பேக்கேஜைப் போடவேண்டும். இரண்டாவதற்கு, கையால் போட்டதை எடுத்துவிட்டுக் களஞ்சியத்தில் உள்ளதைப் போடவேண்டும்.

சரி, எக்ஸ்ஆர்க்எக்ஸ்ஆர்டிபி வந்தாயிற்று. தம்பிக்கு அடுத்து என்ன ஆனது? எக்ஸ்எஃப்சிஇ டெஸ்க்டாப் தொடங்கப் பார்த்து, டிபஸ்-லாஞ்ச் என்ற நிரலை ஓட்டமுடியவில்லை, அப்படி ஒரு கோப்பே இல்லை என்று ஒரு பெட்டி வந்தது. டெஸ்க்டாப்பின் பாகங்கள் ஒன்றோடொன்று பேச டிபஸ் வேண்டும். டிபஸ் சர்வரில் இருக்கிறது, ஆனால் டிபஸ்-லாஞ்ச் மட்டும் டிபஸ்-எக்ஸ்11 என்ற இன்னொரு பேக்கேஜில் இருக்கிறது. அதையும் போட்டதும் டெஸ்க்டாப் வந்தது. ஐகான் இருக்கவேண்டிய சில இடங்களில் வெற்றுக் கட்டம். ரெகமண்ட்ஸ் அணைக்கப்பட்ட கணினியில் ஒரு துண்டு விடுபட்டிருந்தால் வரிசையாக இன்னும் பல விடுபட்டிருக்கும், ஒன்றைச் சரிசெய்தால் அடுத்தது தலைகாட்டும். அதைப் பார்த்து நிலைமை மோசமாகிறது என்று பயந்துவிடக் கூடாது. புதிய பிழை வந்தால் பழைய கட்டம் தாண்டிவிட்டது என்று அர்த்தம்.

நம் ஊர்க்காரர்களுக்கு இதில் இன்னொரு கட்டமும் இருக்கிறது, அதை ஆங்கிலக் கையேடுகள் சொல்வதில்லை. தம்பி உலாவியைத் திறந்தான். தமிழ்ப் பக்கம் முழுக்கச் சதுரம் சதுரமாக நின்றது. குறைந்தபட்ச சர்வர் இமேஜில் தமிழ் எழுத்துரு இருக்காது. ரிமோட்டில் பார்க்கும்போது எழுத்துருக்கள் சர்வரில் இருக்கவேண்டும், நம் கையில் இருக்கும் லேப்டாப்பில் எத்தனை எழுத்துரு இருந்தும் பயன் இல்லை. டெபியனில் லோஹித் தமிழ் எழுத்துரு ஒரு தனிப் பேக்கேஜாகவே கிடைக்கிறது.

தட்டச்சு அதைவிடச் சிக்கலானது. தட்டச்சு முறைகளை நடத்தும் ஐபஸ்ஸும் அதற்கான எம்17என் பேக்கேஜும் போட்டால் தமிழ்99 உள்ளிட்ட முறைகள் கிடைக்கும். ஆனால் பல கையேடுகள், எக்ஸ்ஆர்டிபியின் ஸ்டார்ட்டபிள்யூஎம் என்ற ஸ்கிரிப்டைத் திறந்து, உள்ளே இருப்பதையெல்லாம் அழித்துவிட்டு எக்ஸ்எஃப்சிஇயைத் தொடங்கும் ஒற்றைக் கட்டளையை எழுதச் சொல்கின்றன. கறுப்புத் திரை பிரச்சினைக்கு அது பலருக்கு வேலை செய்வதால் பரவிவிட்டது. அந்த ஸ்கிரிப்டில் இயல்பாக இருக்கும் கடைசி வரி எக்ஸ்செஷன் என்ற டெபியனின் பொது ஸ்கிரிப்டை ஓட்டும். அந்தப் பொது ஸ்கிரிப்ட்தான் ஓர் அடைவில் உள்ள சின்னச் சின்ன ஸ்கிரிப்டுகளை வரிசையாகப் படிக்கும். டிபஸ்ஸைத் தொடங்குவது அங்கே ஒன்று. தட்டச்சு முறையை அமைக்கிற ஐஎம்-கான்ஃபிக் அங்கே இன்னொன்று. கடைசி வரியை அழித்தவரின் டெஸ்க்டாப் வரும், ஆனால் தமிழ் அடிக்க வராது, எந்தப் பேக்கேஜைப் போட்டாலும் வராது. எல்லாத் துண்டுகளும் டிஸ்க்கில் இருந்தும் அவற்றைக் கூப்பிடும் ஆள் இல்லை. செய்யவேண்டியதெல்லாம், அந்த ஸ்கிரிப்டைத் தொடாமல், பயனரின் ஹோம் அடைவில் எக்ஸ்செஷன் என்று புள்ளியோடு ஒரு கோப்பு வைத்து அதில் எக்ஸ்எஃப்சிஇ தொடங்கும் கட்டளையை எழுதுவதுதான். பொது ஸ்கிரிப்ட் தன் வேலையை முடித்துவிட்டுக் கடைசியில் அதைக் கூப்பிடும்.

சில குறைகள் இவ்வளவு வெளிப்படையாகத் தெரியாது. எக்ஸ்ஆர்டிபியில் எழுத்தை காப்பி எடுத்து ஒட்ட முடியும், ஆனால் கோப்பை ஒட்டினால் ஒன்றும் நடக்காது, விண்டோஸ் டிரைவும் ஹோம் அடைவில் தெரியாது என்றால் ஃபியூஸ் (சாதாரண நிரலே ஓர் அடைவை உருவாக்கிக் காட்ட உதவும் வசதி) இருக்கிறதா என்று பாருங்கள். கோப்புகளை இரண்டு பக்கமும் கொண்டுபோக எக்ஸ்ஆர்டிபி அதைத்தான் நம்பியிருக்கிறது. ஒலி வரவில்லை என்றால், ஒலிச் சேவைகளில் பல்ஸ்ஆடியோ ஓடுகிறதா பைப்வயர் ஓடுகிறதா என்று முதலில் தெரிந்துகொள்ளவேண்டும். இரண்டுக்கும் எக்ஸ்ஆர்டிபி திட்டத்திடம் வெவ்வேறு மாட்யூல்கள் இருக்கின்றன. ஒன்றுக்கானதை இன்னொன்றில் போட்டால் பலன் இல்லை. உபுண்டு 22.04 போன்ற வெளியீடுகளில் இதைக் கையால் கட்டவேண்டியிருந்தது.

பார்க்கிற பக்கத்திலும் இதே கதைதான். லினக்ஸிலிருந்து வேறு கணினியின் திரையைப் பார்க்க உதவும் ரெம்மினாவைத் திறந்தால், நெறிமுறைப் பட்டியலில் ஆர்டிபி (விண்டோஸ் ரிமோட் டெஸ்க்டாப்பின் நெறிமுறை) என்ற பெயரே சில நேரம் இருக்காது. டெபியனில் ஆர்டிபி, விஎன்சி ஒவ்வொன்றுக்கும் ரெம்மினாவின் ப்ளக்இன் தனித்தனிப் பேக்கேஜ். ஆர்ச்சில் ஆர்டிபிக்குத் தேவையான ஃப்ரீஆர்டிபி என்பது விருப்பச் சார்பு மட்டுமே, நீங்களே போட்டால்தான் உண்டு. போட்ட பிறகும் பட்டியலில் வரவில்லை என்று சொல்வார்கள். ரெம்மினாவின் சாளரத்தை மூடினாலும் அது மூலையில் ஓர் ஐகானாக ஓடிக்கொண்டிருக்கும், முழுவதுமாக நிறுத்திவிட்டுத் தொடங்கினால்தான் புதிய ப்ளக்இன்னைப் படிக்கும். டைகர்விஎன்சி என்ற விஎன்சி மென்பொருளில் கடவுச்சொல் வைக்கும் கட்டளையைக் காணவில்லை என்பதும் அடிக்கடி கேட்பது. புதிய டெபியன், உபுண்டு வெளியீடுகளில் அது டைகர்விஎன்சி-டூல்ஸ் என்ற தனிப் பேக்கேஜுக்குப் போய்விட்டது. பழைய கையேட்டைப் பார்த்துச் செய்பவர் சர்வரை மட்டும் போட்டுவிட்டுக் கட்டளையைத் தேடிக்கொண்டிருப்பார்.

களஞ்சியத்துக்கு வெளியிலிருந்து டெப் கோப்பாக இறக்கும் ரிமோட் மென்பொருள்களுக்கு ஒரு வார்த்தை. டிபிகேஜிக்கு எதையும் இறக்கத் தெரியாது. அதை வைத்து நேரடியாக நிறுவினால், சார்புகள் இல்லை என்று முறையிட்டுவிட்டுப் பேக்கேஜைப் பாதியில் நிறுத்திவைக்கும். அதே கோப்பை, முன்னால் புள்ளியும் சாய்கோடும் வைத்து ஆப்டிடம் கொடுத்தால், தேவையானதைக் களஞ்சியத்திலிருந்து தானே எடுத்துக்கொள்ளும். அந்த நூலகம் களஞ்சியத்திலேயே இல்லை என்றால் வேறு வெளியீட்டிலிருந்து ஒரு டெப்பைக் கொண்டுவந்து திணிக்காதீர்கள். அடுத்த மேம்படுத்தலில் அது கழுத்தைப் பிடிக்கும்.

நேற்றுவரை ஓடியது இன்று ஓடவில்லை என்று வந்தால், சிஸ்டம் லாக் அடைவுக்குள் ஆப்டுக்கென்று இருக்கும் ஹிஸ்டரி கோப்பைத்தான் முதலில் பார்ப்பேன். எந்த நாளில், எந்தக் கட்டளைக்கு, எவை வந்தன, எவை போயின என்று ஒவ்வொன்றும் அதில் இருக்கும். தானாக வந்த பேக்கேஜுக்குப் பக்கத்தில் ஆட்டோமேட்டிக் என்று குறிப்பு இருக்கும். அப்படிக் குறிக்கப்பட்டது, அதைக் கூட்டிவந்த பேக்கேஜ் நீங்கியதும் ஆட்டோரிமூவ் (இனி தேவையில்லாதவற்றை நீக்கும் கட்டளை) பட்டியலுக்கு வந்துவிடும். இடத்தை மிச்சப்படுத்தலாம் என்று யாரோ ஆட்டோரிமூவ் ஓட்ட, டெஸ்க்டாப்பில் பாதி காணாமல் போனதற்கான பதில் அந்தக் கோப்பில்தான் கிடைக்கும்.

தம்பியின் சர்வர் இப்போது நன்றாக ஓடுகிறது. அவன் கூடப் படிக்கும் வேறு சிலரும் அதே இடத்தில் சர்வர் எடுக்கப்போவதால், போட்டதையெல்லாம் ஒரு குறிப்பில் எழுதி வை என்று சொல்வதோடு விடவில்லை. இக்விவ்ஸ் என்று டெபியனில் ஒரு கருவி இருக்கிறது. அது கொடுக்கும் மாதிரிக் கோப்பில் பேக்கேஜின் பெயரையும் டிபெண்ட்ஸ் வரியையும் நிரப்பினால், உள்ளே ஒன்றுமே இல்லாத, சார்புகள் மட்டுமே உள்ள ஒரு சொந்தப் பேக்கேஜைக் கட்டிக் கொடுக்கும். எக்ஸ்ஆர்டிபி, எக்ஸ்ஆர்க்எக்ஸ்ஆர்டிபி, எக்ஸ்எஃப்சிஇ, டிபஸ்-எக்ஸ்11, ஃபியூஸ், லோஹித் தமிழ், ஐபஸ்-எம்17என் எல்லாவற்றையும் அந்த வரியில் எழுத வைத்தேன். இமேஜில் ரெகமண்ட்ஸ் அணைந்திருந்தாலும் டிபெண்ட்ஸில் இருப்பது வந்தே தீரும், ஆட்டோரிமூவும் அவற்றைத் தொடாது. பேக்கேஜுக்கு அவன் தன் தெருவின் பெயரை வைத்திருக்கிறான். அடுத்த சர்வரில் அந்த ஒரு கோப்பை ஆப்டிடம் கொடுத்தார்கள், முதல் தடவையிலேயே திரை வந்தது.